புட்டு சாப்பிட்டுவிட்டுப் போன விருந்து

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்தது இது. இடம், நாங்கள் கலியாணம் முடித்த நாள்முதல் குடியிருக்கும் ஜேர்மனியின் வுப்பர்டால் நகரம். இதை எழுதுவதா வேண்டாமா என்று நிறையவே யோசித்தேன். எங்கள் வெட்கக்கேட்டை நானே ஊருக்குச் சொல்வதா என்று ஒரு தயக்கம். "எழுதுங்கோ அம்மா, சனம் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று மகள்தான் துணிச்சல் தந்தாள். அதனால் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் எழுதப்போவதில்லை.

எங்களுக்கு ஒரே மகள். மருத்துவமனை ஒன்றில் உடற்பயிற்சி வைத்தியம் செய்கிறாள். நகரத்தின் மற்றக் கரையில் தனியாக ஒரு வீடு எடுத்து இருந்தாள். அந்த வருடம் சித்திரையில் ஒருநாள் வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்று, தனக்கு ஒரு ஜேர்மன் பெடியனைப் பிடித்திருக்கிறது என்றாள். மின்சார வேலை செய்பவன், நல்ல பிள்ளை, குடிப்பழக்கம் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். என்னுடைய மனுசன் எழும்பினார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"நீ விரும்பினதைச் செய். ஆனால் நான் அந்த ஆக்களிட்டைப் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன்!"

சொல்லிவிட்டு அறைக்குள் போனவர்தான். அதற்குப் பிறகு எட்டு மாதம் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தொலைபேசி எடுத்தால் நான் வேண்டுமென்றே ஒலிபெருக்கியில் போட்டுவிடுவேன். இவர் பேப்பர் படிப்பதுபோல் இருப்பார். ஆனால் அவள் கதைத்து முடிக்கும்வரை ஒரு பக்கமும் திரும்பாது. சத்தம் போடுகிற மனுசன் சத்தம் போடாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த எட்டு மாதமும் நான் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அவிந்தேன்.

கார்த்திகைக் கடைசியில் மகள் தொலைபேசி எடுத்தாள். அந்தப் பெடியனின் தாயும் தகப்பனும் எங்களை ஒரு சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்களாம். ஃபோன்டூ என்று அதற்குப் பெயர். சீஸை வைனில் உருக்கி, சட்டியோடு மேசைக்கு நடுவில், கீழே சின்ன நெருப்போடு வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு நீட்டு முள்ளுக்கரண்டி. பாண் ரொட்டித் துண்டைக் குத்தி, அந்தச் சட்டிக்குள் தோய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். பெடியனின் தாயைப் பெற்றவர் சுவிஸ்காரியாம். அதனால் ஒவ்வொரு வருடமும் கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை அவர்கள் மூன்று பேரும் ஒரே உணவகத்துக்குப் போய், ஒரே மேசையில் இருந்து இதைச் சாப்பிடுவார்களாம். அந்த மேசைக்கு வெளி ஆட்களைக் கூப்பிடுவதே இல்லையாம்.

"அம்மா, இது சும்மா சாப்பாடு இல்லை. விளங்குதோ?" என்றாள். "எப்பிடியாவது அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இன்னொண்டு, வெறும் வயித்தோட வாங்கோ. அவை அண்டைக்கு மத்தியானமும் சாப்பிடாமல்தான் வருவினம்."

எனக்கு நன்றாக விளங்கியது. நாங்கள் தாம்பூலத் தட்டோடு போய்க் கதைப்பதை அவர்கள் சீஸ் சட்டியை வைத்துக் கதைக்கப் போகிறார்கள். இவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. அழுதேன், பேசாமல் இருந்தேன், அவருக்குப் பிடித்த கணவாய்க்கறி வைத்தேன். கணவாய்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். "சரி, வாறன். அரை மணித்தியாலம். அதுக்கு மேல ஒரு நிமிசமும் இருக்கமாட்டன்" என்றார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

இனித்தான் என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வெள்ளைக்காரர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டும். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஒருமுறை கூட வேலை செய்யும் பெண் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள். இவர் மத்தியானம் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, இருக்கிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அங்கே ஆளுக்கு ஒரு துண்டு கேக். பிறகு ஒரு கிளாசுக்குள் நிறுத்தி வைத்த உப்புக் குச்சிகள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நாலு முட்டை பொரித்துச் சாப்பிட்ட பிறகுதான் மனுசன் வாய் திறந்தார். "இனி ஒருத்தன் வீட்டையும் வெறும் வயித்தோட கூட்டிக்கொண்டு போகாதையும்" என்றார். வுப்பர்டாலில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒரு கதை இருக்கும்.

அதனால் மகள் சொன்னதை ஒரு காதால் வாங்கி மற்றக் காதால் விட்டேன். உருக்கின சீஸும் பாண் துண்டும் ஒரு சாப்பாடா? பின்னேரம் நாலு மணிக்குப் புட்டு அவித்தேன். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய் வெள்ளைக்கறி, தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல். இவருக்குக் கோபம் வந்தால் பசி கூடும். அன்றைக்கு அந்தப் பெடியனின் தகப்பனையே சாப்பிடுவதுபோல் சாப்பிட்டார். நானும் குறை வைக்கவில்லை. சீலையை உடுத்து, அதற்கு மேல் குளிர் அங்கியைப் போட்டு, ஏவறை விட்டுக்கொண்டே, மேலே தண்டவாளத்தில் தொங்கி ஓடும் எங்கள் நகரத்துத் தொங்கு ரயிலில் ஏறினோம்.

ஆறரை மணிக்கு உணவகத்துக்குள் நுழைந்ததும் சீஸ் மணம் மூக்கில் அடித்தது. கண்ணாடி யன்னலெல்லாம் நீராவிப் புகார் படிந்து, உள்ளே நல்ல வெக்கை. மகளும் பெடியனும் எழும்பி நின்றார்கள். பெடியன் நெடுவல். தலை குனிந்து வணக்கம் சொன்னான். தகப்பன் தாடி வைத்த, அமைதியான மனிதர். தாய் சின்ன உருவம், சிவந்த கன்னம். என்னைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து, "வணக்கம், நீங்கள் வந்தது சந்தோசம்" என்று எழுத்துக் கூட்டித் தமிழில் வாசித்தார். எனக்கு நெஞ்சு இளகிப்போய்விட்டது. எவ்வளவு நாள் பாடமாக்கினாரோ பாவம்.

மேசையில் இருந்ததும் அந்த அம்மா ஒரு துணிச் சுருளை விரித்தார். உள்ளே ஆறு நீட்டு முள்ளுக்கரண்டிகள். உணவகத்துக் கரண்டிகள் இல்லை, அவர்கள் வீட்டுக் கரண்டிகளாம். தன் தாய் கொடுத்தவை, இந்த நாளுக்கு மட்டும் கொண்டுவருவோம் என்றார். ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு நிறம். ஒரே சட்டியில் யாருடையது யாருடையது என்று மாறிப்போகாமல் இருக்கத்தான் அந்த நிறங்கள். தகப்பனுக்கு நீலம், தாய்க்குச் சிவப்பு, பெடியனுக்குக் கறுப்பு. நாங்கள் மூன்று பேர், கரண்டியோ ஆறு, மற்ற மூன்றும் வருடக்கணக்காகச் சும்மா கிடந்தன, இன்றைக்குத்தான் முதல்முறையாக ஆறும் சட்டிக்குள் போகப்போகின்றன என்று சொல்லும்போது அவருக்குக் கண் மினுங்கியது.

அப்போது என் மகள் கையை நீட்டி, ஒருவரையும் கேட்காமல், பச்சையை எடுத்தாள். கேட்கத் தேவை இருக்கவில்லை. போன வருடமே அவள் இந்த மேசையில் இருந்திருக்கிறாள். எங்களிடம் சித்திரையில் சொல்வதற்கு முன்பே இவர்கள் அவளுக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டார்கள். எனக்குள் ஏதோ சுருக்கென்றது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு மிஞ்சியது மஞ்சளும் வெள்ளையும். மஞ்சள் இவருக்கு.

சட்டி வந்தது. கூடை கூடையாகப் பாண் வந்தது. நான் ஒரு சின்னக் கோப்பை வரும் என்று நினைத்தேன். வந்தது எங்கள் வீட்டு இறைச்சிச் சட்டி அளவு. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சீஸ் வயிற்றுக்குள் கட்டிபட்டுவிடும், தேத்தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று அந்த அம்மா எல்லோருக்கும் சுடச்சுட ஊற்றினார்.

முதல் துண்டை வாயில் வைத்தேன். உண்மையைச் சொன்னால் ருசிதான். உப்பும் புளிப்புமாக, நூல் நூலாக இழுபட்டது. இரண்டாவது துண்டு தொண்டையில் நின்றது. அதற்குக் கீழே இடமில்லை. புட்டு என்பது சாப்பிடும்போது தெரியாது, பிறகு வயிற்றுக்குள் இருந்து ஊதும். அதற்கு மேல் சீஸ். எனக்கு நெற்றியில் வேர்வை பொடித்தது. இவர் ஒரே ஒரு துண்டு சாப்பிட்டார். பிறகு மஞ்சள் முள்ளுக்கரண்டியைத் தட்டில் கிடத்திவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நேரே சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

அவர்களோ பாவம், காலையிலிருந்து சாப்பிடாத சனம். ஆவலாகத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் கை ஓடாததைக் கண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்களுடைய கையும் நின்றது. சட்டி மட்டும் தன்பாட்டில் கொப்புளித்துக்கொண்டிருந்தது.

நான் மேசைக்குக் கீழே இவருடைய காலைத் தட்டினேன். "என்னப்பா, ரெண்டு துண்டாவது சாப்பிடுங்கோவன்."

"ஏலாது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீர்தானே புட்டை அள்ளி அள்ளிப் போட்டனீர்!"

அந்த அம்மா தன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். சிவந்த கன்னம் வெளுத்திருந்தது. மெல்ல, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தார். ஒருவர் வாய் பட்டதை இன்னொருவர் சாப்பிடுவது உங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரே சட்டி என்பதை நான் யோசிக்கவில்லை, என்னுடைய பிழை, உங்களுக்கு வேறு ஏதாவது தனித் தட்டில் கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். எச்சில் பார்க்கிறோம் என்று நினைத்துவிட்டார்! சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அழப்போகிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் மகள் எழும்பிவிட்டாள். கதிரையில் தொங்கிய குளிர் அங்கியை இழுத்து எடுத்தாள். தமிழில்தான் சொன்னாள், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு மொழி தேவைப்பட்டிருக்காது.

"அப்பா, நீங்கள் சொன்னதைச் செய்து காட்டிப்போட்டியள். பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன் எண்டனீங்கள். சரி. இனி நான் உங்களைக் கரைச்சல் படுத்தேல்லை. ஒரு நாளும் கூப்பிடவும் மாட்டன்."

ஐயோ கடவுளே! பிள்ளை கதவைத் தாண்டிவிட்டால் அதோடு முடிந்தது. இவர் தானாகக் கூப்பிடமாட்டார், அவள் திரும்பமாட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே குணம். இந்த மனுசன் வீம்புக்கு இருக்கவில்லை, வயிறு முட்டி இருக்கிறார் என்பது அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் மானம் போகும். விருந்துக்குக் கூப்பிட்டவர்களை நம்பாமல் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சொன்னேன். என்னுடைய ஜேர்மன் சமையலறை ஜேர்மன். உப்பு, வெந்தது, வேகவில்லை, சூடு, கவனம் என்று அளவாகத்தான் இருக்கும். எழும்பி நின்று, கோவிலில் பிழை கேட்பதுபோல் கையைக் கூப்பிக்கொண்டு, எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் ஒன்றாகப் போட்டேன். நாங்கள் சாப்பிட்டாயிற்று. வீட்டில். நிறைய. உங்கள் சாப்பாடு போதாது என்று நினைத்தேன். நான் மடைச்சி. சட்டி நல்லது. எச்சில் இல்லை. வயிற்றில் இடம் இல்லை. இவ்வளவும் சொல்லி வயிற்றையும் தொட்டுக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் அங்கியின் ஒரு கையைப் போட்டபடி அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா... உண்மையோ?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. எட்டு மாதத்துக்குப் பிறகு பெற்ற பிள்ளையோடு அவர் கதைத்த முதல் வார்த்தை இதுதான்:

"ஓம் பிள்ளை. புட்டு. மூண்டு தரம் போட்டனான்."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே அதை ஜேர்மனில் சொன்னாள். பெடியனின் தகப்பன் ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். பிறகு வெடித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! அந்த அமைதியான மனிதருக்குள் அப்படி ஒரு சிரிப்பு எங்கேதான் இருந்ததோ. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தபடியே என் காதுக்குள், புட்டு எப்படிச் செய்வது என்று எனக்குக் காட்டித் தருவீர்களா என்று கேட்டார்.

அவசரமில்லை, நெருப்பு சின்னதுதான், இடம் வரும்வரை கதைத்துக்கொண்டிருப்போம் என்றார் தகப்பன். அப்படியே இருந்தோம். அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்ற மனுசன் இரண்டரை மணித்தியாலம் இருந்தார். இவருக்குக் கைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சுத்தியல், குறடு, திருகாணி முறுக்கிகள். முதலில் பெடியனின் முகத்தைப் பார்க்காமல், எந்தக் குறடு பாவிக்கிறாய் என்று கேட்டார். பெடியன் சொன்னான். அது சரியில்லை என்றார் இவர். ஏன் சரியில்லை என்று அவன் கேட்டான். அதோடு இரண்டு பேரும் மேசையில் பாண் துண்டுகளை வைத்துக் குறடு படம் கீறத் தொடங்கிவிட்டார்கள். மகள் அங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுத் தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். இவர் தன் கதிரையைக் கொஞ்சம் அரக்கித் தள்ளி இடம் விட்டார்.

பிறகு அவர் செய்த வேலையைப் பார்த்து நான் மேசைக்குக் கீழே ஒளியலாமா என்று நினைத்தேன். எல்லோரும் பார்த்திருக்க, காற்சட்டைப் பட்டியை ஒரு ஓட்டை தளர்த்தினார். யோசித்துவிட்டு இன்னொரு ஓட்டையும் தளர்த்தினார். மஞ்சள் முள்ளுக்கரண்டியை எடுத்தார். "பாண் தாரும்" என்று பெடியனிடம் ஜேர்மனில் கையை நீட்டினார்.

சாப்பிட்டார். முகத்தைச் சுளிக்காமல், வேர்க்க வேர்க்க, ஒவ்வொரு துண்டாகச் சாப்பிட்டார். இவருக்குச் சீஸ் என்றால் ஆகாது. வீட்டில் நான் பிட்சா வாங்கினாலே மேலே இருப்பதை வழித்து எறிகிறவர். அது எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். அவள் தகப்பனின் தோளில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சட்டியின் அடியில் சீஸ் முறுகிப் பிடித்திருந்தது. அதுதான் திறமான பங்கு, விருந்தாளிக்குத்தான் கொடுப்போம் என்று அந்த அம்மா கரண்டியால் கிளப்பி இவருடைய தட்டில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கறிச்சட்டிக்குள் சோறு போட்டுப் பிரட்டி, வழித்துத் துடைத்துச் சாப்பிடுகிற மனுசனுக்கு அடிச்சட்டியின் அருமையை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டார். பிறகு மிச்சத்தை இரண்டாக உடைத்து, ஒன்றை மகளுடைய தட்டிலும் மற்றதைப் பெடியனுடைய தட்டிலும் வைத்தார். பெடியன் "நன்றி மாமா" என்றான், தமிழில். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. இவர் இருமுவதுபோல் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது தொங்கு ரயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு யன்னலோரம் இருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன் எண்டனீங்கள். அடிச்சட்டியையும் சுரண்டிப்போட்டு வாறியள்" என்றேன்.

யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பதில் சொன்னார்.

"சொன்ன சொல்லுத் தவறேல்லையே. தண்ணி குடிச்சனானோ? தேத்தண்ணிதானே குடிச்சனான்."

நான் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இவருடைய கன்னம் நனைந்திருந்தது. நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தைப்பொங்கலுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முதல் நாள் இரவிலிருந்தே ஒன்றும் சாப்பிடாமல் வந்தார்களாம். தமிழர் வீட்டில் போதும் என்று சொன்னாலும் விடமாட்டார்கள் என்று மகள் பயமுறுத்தி அனுப்பியிருந்தாள். அந்த அம்மாவுக்குப் புட்டுக்கு மா குழைக்கக் காட்டிக் கொடுத்தேன். அடுத்த ஆவணியில் கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியும் ஆறு முள்ளுக்கரண்டிகளும் சட்டிக்குள் போகின்றன. கந்தசஷ்டியில் மூன்றாம் நாளே "ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சால் விரதம் முறியுமோ?" என்று கேட்கிறவர், அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஒரு பிஸ்கட்டைத் தொடமாட்டார். நான் மறந்துபோய் எதையாவது நீட்டினால், "இண்டைக்கு ஃபோன்டூ எல்லே" என்று கையால் தடுத்துவிடுவார்.

இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு அன்றுவரை எந்த வெள்ளைக்காரர் வீட்டுக் கதவையும் நான் பசியோடு தட்டியதில்லை. கூப்பிட்டவர்கள் என் வயிற்றை நிரப்புவார்கள் என்று நான் நம்பியதே இல்லை. இப்போது யார் கூப்பிட்டாலும் வெறும் வயிற்றோடுதான் போகிறேன், சிலவேளை பசியோடு திரும்பி வந்து முட்டை பொரிக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் போகிறேன்.